ராகு காலத்தில் ரைன் பாலம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலாவது கேட்டு நீங்கள் வருத்தப்பட வேண்டாம். மேற்கு ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் நடுவில் ரைன் நதியின் மேல் இருக்கும் ஒரு பாலத்தின் அருகில், ஒரு சனிக்கிழமை காலை, பயங்கரவாதியோ என்ற சந்தேகத்தின் பேரில் என்னைப் பிடித்து நிறுத்தி விசாரித்தார்கள். வெள்ளை வேட்டி, அதன் மேல் கறுப்பு ஓவர்கோட், காதை மூடிய கம்பளிக் குல்லா, இரண்டு கையும் கார் கூரையின் மேல். நான் செய்த குற்றம், ராகு காலம் முடியட்டும் என்று காத்திருந்தது.

இதில் போலீஸ் வந்ததை நான் பெரிய அவமானமாக நினைக்கவில்லை. ராகு காலம் என்பது சுத்தப் பொய் என்று திருச்சி தென்னூரில் மேடை ஏறி முழங்கிவிட்டு விமானம் ஏறியவன் நான். அவமானம் அங்கே இருக்கிறது.

போன வாரம் அதே பாலத்தைக் குடும்பத்தோடு கடந்தோம். இப்போதெல்லாம் சோதனை குறைந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தால் போதும், காவலர் கண்ணாலேயே 'போ' என்கிறார். பின் சீட்டிலிருந்து என் மகள் வைதேகி, "அப்பா, உன்னோட இடம்" என்று ஜெர்மன் மொழியில் சொல்லி, பாலத்துக்கு முன்னால் இருக்கும் கார் நிறுத்துமிடத்தைக் காட்டினாள். சொந்த ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்கத் துப்பில்லாதவனுக்கு அயல்நாட்டில் ஓர் இடம் அமைந்துவிட்டது. அந்த சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். காவிரிப் பாலத்தைத் தாண்டி ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் போய்த் தீபாவளிக்குத் துணி எடுத்து வருவதையே எங்கள் வீட்டில் கடல் கடந்த பயணமாகப் பேசுவார்கள். வேலை கிடைத்து, தென்னூரில் வாடகைக்கு வீடு பார்த்தபோது என் தகப்பனார், "அக்கரையில போய்த்தான் இருக்கணுமா?" என்று கேட்டார். அக்கரை என்று அவர் சொன்னது ஐந்து மைல்கூட இராது.

தென்னூர் வீட்டுக்காரர் அருளப்பன் சார், கல்லூரி ஆசிரியர், கத்தோலிக்கர். நாங்கள் பாத்திரம் பண்டத்தோடு போய் இறங்கியபோது வாசலில் நின்று, "தண்ணி விடியக்காலையில வரும், கொஞ்ச நேரத்துல நின்னுடும், பிடிச்சு வெச்சுக்கங்க. மணி அடிக்குதேன்னு பதறாதீங்க, அது கோயில் மணி. எங்க கோயில்" என்றார். அவ்வளவுதான். பின்னால் வெளிநாட்டில், வந்தேறிகளை எப்படிச் சமூகத்தோடு சேர்த்துக்கொள்வது என்பது பற்றி மூன்று மொழிகளில் நான் உரைகள் கேட்டிருக்கிறேன். இதைவிட நல்ல உரையை இன்னும் கேட்கவில்லை.

அந்தத் தென்னூரில்தான் எங்கள் வாசகர் வட்டம் 'ராகு காலம் ஒரு மூடநம்பிக்கை' என்று ஒரு கூட்டம் போட்டது. பேச்சாளன் நான். வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வைத்திருந்தோம், ஏனென்றால் ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். ஐந்து மணிக்கு மண்டபத்தில் நானும் மைக் செட்காரரும் இருந்தோம். தலைவர் வழியில் இருப்பதாகச் சேதி வந்தது. அவர் வழியில் ஒரு மணி நேரம் இருந்தார். ஆறு அடித்ததும் மண்டபம் திமுதிமுவென்று நிறைந்தது. முதல் வரிசையில் என் அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், ரயில்வேயில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், வந்து உட்கார்ந்தார். நான் ராகுவைக் கிழி கிழி என்று கிழித்தேன். அத்தனை பேரும் கைதட்டினார்கள். அத்திம்பேர் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

3

நான் ஜெர்மனி போய்ச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். கொதிகலன் செய்கிற கம்பெனி, நல்ல வேலை, ஆனால் அனுமதி வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்க வேண்டும். அந்த நாட்டுக்கு அப்போது இரண்டு தலைவலிகள் இருந்தன. ஒன்று, வெடிகுண்டு வைப்பதும் ஆளைக் கடத்துவதுமாக இருந்த பயங்கரவாதிகள். தபாலாபீசில் ஸ்டாம்பு வாங்கப் போனால் சுவரில் வரிசையாக அவர்கள் முகங்கள் ஒட்டியிருக்கும். இன்னொரு தலைவலி, வேலைக்கென்று கூப்பிட்டு வந்த பிறகு திரும்பிப் போகாமல் பெண்டாட்டி பிள்ளைகளையும் வரவழைத்துக்கொண்ட நாங்கள்.

பக்கத்து நாடான பிரான்சுக்கும் இதே இரண்டு வலிதான். ஆகவே நண்பர்களான இரண்டு அரசுகளும் சேர்ந்து உட்கார்ந்து பேசின. பயங்கரவாதியைப் பிடிக்க எல்லையில் கூட்டு ரோந்து, வந்தேறியை அரவணைக்க எல்லையோர ஊர்களில் கூட்டுக் கருத்தரங்கு. ஒரே மேஜை, இரண்டு கோப்புகள். எது எந்தக் கோப்பு என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் நான் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தேன். கிடைக்காவிட்டால் வருஷக் கடைசியில் பெட்டி கட்ட வேண்டியதுதான், ஏனென்றால் கம்பெனி ஒப்பந்தமும் அதோடு முடிகிறது. வைதேகி அப்போதுதான், நாலாம் வகுப்பு முடித்துத் தேறிய பிள்ளைகளை மட்டும் சேர்க்கிற பள்ளியில் இடம் வாங்கியிருந்தாள். கனவில் ஜெர்மன் பேசுகிற, 'ழ' வருகிற இடமெல்லாம் பாதை மாறிப் போகிற அந்தப் பெண்ணைத் திருச்சியில் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பது? என் மனைவி கமலாவுக்கு ஒரு பாலர் பள்ளியில் வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. முதல் சம்பளத்தில் தனக்கென்று ஒரு சைக்கிள் வாங்கி, தெருவில் இரண்டு தடவை விழுந்து, மூன்றாம் தடவை ஓட்டியேவிட்டாள். ஸ்ரீரங்கத்தில் எந்த வீதியில் மடிசார் மாமிகள் நடுவே அதை ஓட்டுவாள்?

விண்ணப்பம் ஹெர் லாங்கே என்ற வெளிநாட்டவர் அலுவலக அதிகாரியிடம் இருந்தது. ('ஹெர்' என்றால் நம் 'திரு'.) மூக்குக் கண்ணாடிக்குள்ளிருந்து மனிதனை எடை போடுகிற ஆசாமி. பாதுகாப்பு விசாரணை முடிய வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், வருஷக் கடைசிக்குள் முடியுமா என்று தனக்கே தெரியாது என்று சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, "சனிக்கிழமை அக்கரையில் கருத்தரங்கு. நீங்கள் பேச வேண்டும். நன்றாக ஒன்றிப்போன வெளிநாட்டவர் என்று உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். உங்கள் நாட்டு உடையில் வாருங்கள்" என்றார்.

நன்றாக ஒன்றிப்போனவன் ஏன் ஒன்றாத உடையில் வர வேண்டும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அதுவும் ஒன்றிப்போனதன் அடையாளம்தான்.

4

நவம்பர் மாதம். குளிர் எலும்பை விசாரித்துக்கொண்டிருந்தது. கருத்தரங்கு பதினொரு மணிக்கு, பாலத்தைத் தாண்டினால் ஐந்து நிமிஷ ஓட்டம். ஆனால் சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம் என்று சமையலறைச் சுவரில் தொங்குகிற காலண்டர் சொன்னது. வருஷா வருஷம் அத்திம்பேர் அனுப்பி வைக்கிற தேதி கிழிக்கும் காலண்டர் அது. நான் அதைத் தேதிக்காக மட்டும் பார்ப்பதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

ராகு காலத்துக்கு முன்னாலேயே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் தோஷமில்லை என்பது எங்கள் பக்கத்து ஏற்பாடு. ஒன்பதுக்கு முன்பே கிளம்பினோம். தெருமுனை திரும்பும்போதுதான் பேச்சை எழுதி வைத்த தாள்களைச் சாப்பாட்டு மேஜையிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பிப் போய் எடுத்து வந்தபோது ஒன்பது தாண்டிவிட்டது.

"உள்ளே போயிட்டு வந்தாச்சு. இனிமே புதுசாக் கிளம்பினதாத்தான் கணக்கு" என்றாள் கமலா.

"நீ இதெல்லாம் நம்பறியா?"

"நான் எதையும் நம்பலை. நாளைக்கு அந்த அனுமதி வராமப் போச்சுன்னா, 'அன்னிக்கே நினைச்சேன்'னு ஆறு மாசத்துக்குச் சொல்லிண்டிருப்பேள். அதைக் கேக்க என்னால முடியாது."

காரில் உட்கார்ந்தபடி நான் ஒரு தீர்ப்பு வழங்கினேன். எல்லையைக் கடந்தால்தான் பிரயாணம். அதுவரை போவதெல்லாம் வாசலுக்குப் போவது மாதிரி. ஆகவே பாலம் வரை போய்விடுவது, பத்தரை ஆனதும் தாண்டுவது. எந்த சாஸ்திரத்திலும் இல்லாத இந்தத் தீர்ப்பை அன்றைக்கு நான் எவ்வளவு நிம்மதியோடு வழங்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. எனக்கு ராகுவின் மேல் நம்பிக்கை கிடையாது. ராகுவுக்கு என் மேல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கவலை.

பாலத்துக்கு முன்னால், சோதனைச் சாவடி நன்றாகத் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். நிறுத்திவிட்டு வாட்சைப் பார்த்தேன். பாலத்தைப் பார்த்தேன். மறுபடி வாட்சைப் பார்த்தேன். உட்கார முடியவில்லை. இறங்கி நடந்தேன். வேட்டி காற்றில் எழும்பியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பேச்சுத் தாளை வைத்துக்கொண்டு முணுமுணுவென்று ஒப்பித்தேன். திரும்பி வந்து காருக்குள் தலையை விட்டு, "இன்னும் ஒரு மணி நேரம்" என்றேன்.

"ஏன்னா, வாட்சைப் பாக்கறதையாவது நிறுத்துங்கோ. அவா நம்மளையே பாக்கறா" என்றாள் கமலா.

பார்த்தது மட்டுமில்லை, வந்தார்கள். கூட்டு ரோந்து. இரண்டு ஜெர்மானியர்கள், ஒருவர் வயதானவர், ஒருவர் இளைஞர். கூடவே ஒரு பிரெஞ்சுக்காரர். நட்பு நாடுகளின் ஒத்துழைப்பு என்று பத்திரிகையில் மட்டும் படித்திருந்தேன். இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"இங்கே எதற்காக நிற்கிறீர்கள்?" என்றார் இளைஞர்.

"நேரத்துக்காக."

"எந்த நேரம்?"

"பத்தரை."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பத்தரைக்கு என்ன நடக்கப்போகிறது?"

இந்தக் கேள்விக்கு ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். நண்பருக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் நான் ஒன்றிப்போன வெளிநாட்டவன், போலீஸிடம் துல்லியமாகப் பேச வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "பத்தரைக்கு ஒன்றும் நடக்காது. ஏதாவது நடப்பதானால் பத்தரைக்குள் நடக்கும்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் கையைக் கார் கூரையில் வைக்கச் சொன்னார்கள்.

"இதை உங்களுக்குச் சொன்னது யார்?"

"ராகு."

"முழுப் பெயர்?"

"அவ்வளவுதான் பெயர்."

"எங்கே இருக்கிறார்?"

நான் வானத்தைப் பார்த்தேன். இளைஞரும் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. விமானக் கடத்தல்கள் நடந்துகொண்டிருந்த காலம் என்பது எனக்குக் கூரையில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. அதோடு இன்னொன்றும் உறைத்தது. இவர்கள் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், ஹெர் லாங்கேயின் மேஜையில் இருக்கிற என் விண்ணப்பம் அப்படியே படுத்துவிடும். வைதேகியின் பள்ளியும் கமலாவின் சைக்கிளும் என் கண் முன்னால் கப்பல் ஏறின.

பிரெஞ்சுக்காரர் சாவடிக்குப் போய்த் தன் நாட்டுக்குப் போன் போட்டார். அங்கே ராகு என்ற பெயரில் யாரைப் பற்றியும் தகவல் இல்லை, ஆனால் இனிமேல் கவனித்துக்கொள்வதாகச் சொன்னார்களாம். இப்படியாக, தேவர்களுக்கே டிமிக்கி கொடுத்து அமிர்தம் குடித்தவன், இரண்டு நாடுகளின் கவனத்துக்கு ஒரே காலையில் வந்து சேர்ந்தான்.

இந்த நேரத்தில் ஒரு சாம்பல் நிறக் கார் எங்களைக் கடந்து மெதுவாகப் பாலத்தில் ஏறியது. ஓட்டியவர் ஹெர் லாங்கே. என்னைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக்குள்ளிருந்து, கூரையில் இருந்த என் கைகளையும் பார்த்தார். நிறுத்தாமல் போய்விட்டார்.

"முடிஞ்சுது" என்றேன் தமிழில்.

வைதேகி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். வயது பதினொன்று. என்னைக் கேட்காமலேயே வயதான போலீஸ்காரரிடம் போய்ச் சரளமாகப் பேசினாள். "ராகு ஒரு பாம்பு. உடம்பு கிடையாது, தலை மட்டும்தான். சூரியனைச் சாப்பிடும். தினமும் ஒன்றரை மணி நேரம் அதோட டர்ன். அப்போ நல்ல காரியத்துக்குப் போகக்கூடாதுன்னு எங்க ஊர்ல சொல்வாங்க. அப்பாவுக்கு அதில நம்பிக்கை இல்லை. அதான் இங்கே நிக்கறோம்."

என் ஐந்து வருஷ ஜெர்மனில் நான் சொல்ல முடியாததை அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். கடைசி வாக்கியத்தை மட்டும் தவிர்த்திருக்கலாம்.

கிழவர் இளைஞரிடம் திரும்பி, "என் அம்மா கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் துணி துவைத்து உலர்த்த மாட்டாள். வீட்டில் சாவு விழும் என்பாள்" என்றார்.

"உங்கள் அம்மா காலத்தில் சரி" என்றார் இளைஞர்.

"என் மனைவியும் துவைக்க மாட்டாள். அவள் நம்பவில்லை என்றுதான் சொல்கிறாள்."

கையை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் விசாரணை விசாரணைதான். பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு போய்த் தலைநகரில் கேட்டார்கள், அக்கரையிலும் கேட்டார்கள். கமலா பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். பிரெஞ்சுக்காரர் மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். கடைசியில் கிழவரே பாஸ்போர்ட்டுகளோடு வந்தார். நான் அவசரமாக வண்டியைக் கிளப்பப் போனேன். அவர் வாட்சைப் பார்த்தார்.

"இருங்கள். இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது" என்றார்.

5

கருத்தரங்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிரெஞ்சுப் பக்கத்துப் பிரமுகர், பாதுகாப்பும் வந்தேறிகளின் ஒருங்கிணைப்பும் நட்பு நாடுகளின் இரண்டு கண்கள் என்றார். அந்த இரண்டு கண்ணும் காலையிலிருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஜெர்மானியப் பிரமுகர் அதையே ஜெர்மன் மொழியில் சொன்னார். அதற்குள் சாப்பாட்டு வேளை வந்துவிட்டதால் எனக்கு ஒதுக்கியிருந்த நேரம் பாதியாகிவிட்டது. தென்னூர் அருளப்பன் சார் சொன்னதை மட்டும் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லுங்கள், மணி அடித்தால் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். கைதட்டினார்கள். அது பேச்சுக்கா சாப்பாட்டுக்கா என்று தெரியவில்லை.

ஹெர் லாங்கே முதல் வரிசையில் இருந்தார். கைதட்டியதாக நினைவில்லை. வெளியே வரும்போது என் பக்கத்தில் வந்து, "திங்கட்கிழமை எட்டு மணிக்கு என் அலுவலகத்துக்கு வாருங்கள்" என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது, ராகு காலம்.

6

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் பெரிய மனப்போராட்டத்தில் இருந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் ஐந்து நிமிஷம்தான் இருந்தேன். ராகுவைக் காக்க வைத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஜெர்மன் அதிகாரியைக் காக்க வைத்தால் என்ன ஆகும் என்பது உலகத்துக்கே தெரியும்.

திங்கள் காலை வைதேகி பள்ளிப் பையை மாட்டிக்கொண்டே, "அப்பா, இன்னிக்கும் வெளியில நிக்கப் போறியா?" என்றாள்.

"நிக்கலை."

"நல்லது" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு ஓடினாள்.

கமலா வாசல் வரை வந்தாள். சைக்கிளின் மேல் படிந்திருந்த பனியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள், அது இனிமேலும் தன்னுடையதுதானா என்று தெரியாதது போல.

எட்டு அடிக்கும்போது உள்ளே போனேன். ஹெர் லாங்கே உட்காரச் சொன்னார்.

"சனிக்கிழமை பாலத்தில் உங்களைப் பார்த்தேன்."

"ஆமாம்."

"மறுநாள் சாவடிக்குப் போன் செய்தேன். உங்களைப் பற்றித் தலைநகரில் கேட்டிருக்கிறார்கள். அக்கரையிலும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு நாடுகளிலும் உங்கள் மேல் ஒன்றுமில்லை என்று எழுத்தில் பதில் வந்திருக்கிறது. நான் கேட்டிருந்தால் இதற்கு மார்ச் மாதம் ஆகியிருக்கும்." முத்திரையை எடுத்து ஊதினார். "பயங்கரவாதி என்று சந்தேகப்பட்டால்தான் எங்கள் இரண்டு நாடுகளும் வேகமாக ஒத்துழைக்கின்றன. மற்ற விண்ணப்பக்காரர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம்."

நிரந்தர அனுமதி என்று என் பாஸ்போர்ட்டில் குத்தினார். வெளியே வந்து, கமலா வேலை செய்கிற பாலர் பள்ளிக்கு நேராகப் போனேன். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே இருந்து தலையை மட்டும் ஆட்டினேன். அவள் கையில் இருந்த குழந்தையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, ஒரு சின்ன நாற்காலியில், மூன்று வயதுப் பிள்ளைகள் உட்காருகிற நாற்காலியில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

7

அடுத்த கோடையில் ஊருக்கு வந்தோம். ஸ்ரீரங்கத்தில் அத்திம்பேர் வீட்டுக் கூடத்தில், காபி ஆறுவதைக்கூடப் பொருட்படுத்தாமல் முழுக் கதையையும் சொன்னேன். சனிக்கிழமையைச் சிரிப்பாகச் சொன்னேன். திங்கட்கிழமையைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். நட்ட நடு ராகு காலத்தில் உள்ளே நுழைந்து, வாழ்நாள் அனுமதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் இந்தத் தெருவில் வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள் என்கிற தொனி.

அக்கா வாயைப் பிளந்தாள். அத்திம்பேர் மட்டும் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, அங்கே நவம்பர்ல சூர்யோதயம் எப்போ?"

"ஏழே முக்கால் இருக்கும்."

"அஸ்தமனம்?"

"நாலே முக்காலுக்கே இருட்டிடும்."

உதடுகள் அசைந்தன. விரல் ஒன்றுகூட மடங்கவில்லை.

"காலண்டர்ல போட்டிருக்கறது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கற ஊருக்கு. உதயத்துலேர்ந்து அஸ்தமனம் வரைக்கும் எட்டாப் பங்கு போட்டு, அதுல ஒரு பங்குதான் ராகு காலம். உங்க ஊர்க் கணக்குப்படி திங்கட்கிழமை ராகு காலம் ஆரம்பிக்கறதே ஒன்பது மணி வாக்குலதான். எட்டு மணிக்கு நீ போனது முதல் தரமான நேரம்டா, அதுல வீரம் ஒண்ணுமில்லே" என்றார் அத்திம்பேர். டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "சனிக்கிழமைதான். அங்கே பத்துலேர்ந்து பதினொண்ணு. நல்ல நேரத்தையெல்லாம் பாலத்துக்கு இந்தண்டை நின்னே தீத்துட்டு, சரியா ராகு காலம் பாத்துத் தாண்டியிருக்கே. காபியைக் குடி, ஆறிப்போறது."